எறும்பு ஊரக் கல்லும் தேயும்

சென்ற கோடை விடுமுறையில் எமது சங்கத்தைச் சேர்ந்த ஐந்து குடும்பங்கள், ஒரு மினிபஸ்ஸும் ஒரு காருமாக வேல்ஸ் நாட்டுக்குப் புறப்பட்டோம். கார்மதன்ஷயரில் உள்ள ஸ்கந்தவேல் ஆலயத்துக்குப் போய் முருகப்பெருமானைத் தரிசித்து வருவதே நோக்கம். இலங்கையில் பிறந்த குரு ஸ்ரீ சுப்பிரமணியம் அவர்கள் 1973இல் அந்த ஆசிரமத்தை நிறுவினார். அங்கு வருவோரிடம் கட்டணம் கேளாமலே உணவும் உறைவிடமும் அளிக்கிறார்கள். எமது அடியார்களில் பலர் அங்கு போய் வந்தவர்கள். ஆங்கிலத்தில் 'வேல்' என்றால் பள்ளத்தாக்கு. எமது காதுக்கு அது குமரன் கையில் இருக்கும் வேல்தான்.

இரண்டு நாள் பூசைகளில் கலந்துகொண்டு திரும்பும்போது, ஒரு மலையாவது ஏறாமல் வீட்டுக்கு வரமாட்டோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். குன்றுதோறாடும் குமரனைக் கும்பிட்டுவிட்டு வருபவர்கள் மலை ஏறமாட்டோம் என்று சொல்லலாமா? வழியில் இருந்த பென் அ வான் மலைக்கு வாகனங்களைத் திருப்பினோம். ப்ரெக்கன் பீக்கன்ஸ் என்று பலரும் அறிந்த தேசியப் பூங்காவில் இருக்கிறது இந்த மலை. 2023ஆம் ஆண்டு முதல் பூங்காவுக்கு அதன் வேல்ஸ் மொழிப் பெயரான பன்னாய் பிரகெய்னியோக் என்பதையே வழங்குகிறார்கள். உயரம் 886 மீற்றர். எமது பிதுருதலாகலையின் மூன்றிலொரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் தென் வேல்ஸில் இதைவிட உயர்ந்த மலை இல்லை.

எமது மலைநாட்டைப் போலக் காடும் தேயிலையும் மூடிய மலையல்ல இது. அடியிலிருந்து பார்த்தால் எங்கும் புல்தான். மரநிழல் கிடையாது. ஆடுகள் மட்டும் தம்பாட்டில் மேய்ந்துகொண்டு நின்றன. ஹோர்ட்டன் சமவெளியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்றும் அந்தப் புல்லும் கொஞ்சம் பிடிபடும்.

பொண்ட் ஆர் டாவ் என்னும் இடத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டு, கட்டுச்சோற்றையும் தேத்தண்ணீர்ப் போத்தல்களையும் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினோம். பாதை முழுவதும் கல் பதித்திருந்தார்கள். முந்திய இரவு பெய்த மழையினால் பாதி வழியில் கற்களின் மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எம்மில் அநேகர் சாதாரணச் சப்பாத்துடன் வந்தவர்கள். ஒருவர் பின் ஒருவராகக் கல்லை விட்டு ஓரத்துப் புல்லில் இறங்கினோம். நடக்க மெத்தென்று இருந்தது, கால் நனையவில்லை.

நண்பர் ஒருவருடைய 12 வயது மகள் மட்டும் கல்லிலேயே நடந்து வந்தாள். சப்பாத்து ஊறிப் போயிருந்தது.

"பிள்ளை, இந்தப் புல்லாலை வாவன். ஏன் நனையிறாய்?" என்று கேட்டோம்.

"பாதையை விட்டு இறங்க வேண்டாம் எண்டு கீழை போர்டிலை எழுதியிருந்தது மாமா."

"எல்லாரும் இதாலைதானே போகினம். நாங்கள் கொஞ்சப் பேர் நடந்தாப்போலை மலை தேய்ஞ்சு போகுமோ?" என்று சொல்லிச் சிரித்தோம். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கல்லை விட்டு இறங்கவும் இல்லை.

இன்னும் சற்று மேலே போனபோது ஒரு முதியவர் பாதையின் குறுக்கே இருந்த சிறு கல்வாய்க்காலை மண்வெட்டியால் துப்புரவு செய்துகொண்டிருந்தார். சம்பளமில்லாமல் வந்து வேலை செய்யும் தொண்டர். எம்மைப் புல்லில் கண்டதும் அவர் கோபிக்கவில்லை. மூச்சு வாங்க நின்ற நாம் பேச்சுக் கொடுத்தபோதுதான் விடயத்தைச் சொன்னார். மலையைக் கெடுப்பது காலல்ல, தண்ணீர். ஆனால் தண்ணீருக்குக் கதவைத் திறந்து விடுவது கால் என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மலையின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர். கால் பட்டுப் பட்டுப் புல் சாகிறது. புல் செத்த இடத்து மண் மிதிபட்டு இறுகுகிறது. இறுகிய மண் மழையை உறிஞ்சாது. ஆகவே மழைநீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கி ஓடுகிறது. மாரியில் உறையும் பனி மண்ணை இளக்கிவிட, அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு போகிறது. தடம் சேறாகிறது. சேற்றுக்கு அஞ்சி அடுத்து வருபவர்கள் இன்னும் ஓர் அடி தள்ளி நடக்கிறார்கள். அங்கும் புல் சாகிறது. இப்படியே ஒற்றையடிப் பாதையாக இருந்தது தெருவைப் போல அகன்று, மலையின் முதுகில் ஒரு புண்ணாகிவிடுகிறது. அதைத் திருத்தக் கற்களை ஹெலிகொப்ரரில் ஏற்றி வந்து, ஒவ்வொன்றாக மண்ணில் ஆழமாகப் புதைத்து நிறுத்த வேண்டும்.

இந்த மலை நஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு காப்புறுதிக் கொம்பனி 1965இல் நன்கொடையாகக் கொடுத்தது. இப்போது ஆண்டுதோறும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு ஏறுகிறார்கள். எமது தொழில் கணக்கு ஆனபடியால், நடக்கும்போதே மனம் பெருக்கிப் பார்த்தது. ஏறி இறங்க ஒருவருக்கு 10,000 அடிகள் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டொன்றுக்கு 250 கோடிக் காலடிகள்! இதில் எமது காலடி எத்தனை? தள்ளுபடி செய்துவிடக்கூடிய எண். அதுதான் எமக்கு ஆறுதலாகவும் இருந்தது.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். தட்டையான உச்சி. வடக்கே சரிவு செங்குத்தாக விழுகிறது. தூரத்தில் வயல்களும் வேலிகளும் ப்ரெக்கன் பட்டணமும். ஆனால் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தால், சுற்றுமுற்றும் புல்லாக இருக்கும் அந்த மலையில், எல்லோரும் வந்து சேரும் அந்த இடத்தில் மட்டும் வெறும் கல்லும் மண்ணும்தான். அங்கே வெண்கலக் காலத்து மக்கள் தம்மவரைப் புதைத்துக் குவித்த கற்குவியல் ஒன்று உண்டு. 3,000 ஆண்டுகளுக்கு மேலாக மழைக்கும் காற்றுக்கும் நின்று பிடித்த அதை, எம்மைப் போலப் படம் எடுக்க ஏறியவர்களின் கால்கள் சில பத்து ஆண்டுகளில் கலைத்துவிட்டன. 1991இல் தொல்லியலாளர்கள் அதை அகழ்ந்து ஆராய வேண்டியதாயிற்று. கெடுக்க நினைத்து அங்கே ஏறியவர்கள் யார்? மலையை விரும்பியபடியால் அல்லவா எல்லோரும் ஏறினார்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று எமது பெரியவர்கள் சொன்னதை, விடாமுயற்சிக்கு உதாரணமாகவே பாடசாலையில் கட்டுரை எழுதினோம். அதை எறும்பின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தோம். கல்லின் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. கல் தேய்ந்தபின் எந்த எறும்பைப் பிடித்துக் கேட்பது? ஒவ்வொன்றும், "நான் ஒருமுறைதானே ஊர்ந்தேன்" என்று சொல்லும். அது சொல்வது பொய்யுமல்ல. இங்கேதான் கேள்வி பிறக்கிறது. எவருடைய பங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. சேர்ந்து வந்த கேடோ பெரிது. அப்படியானால் அந்தக் கேட்டுக்குப் பொறுப்பாளி யார்?

1975இல் ஜொனதன் குளோவர் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் இதற்கு ஒரு கதை சொன்னார். ஓர் ஊரில் 100 பேர் மதியம் சாப்பிட உட்காருகிறார்கள். ஒவ்வொருவர் கோப்பையிலும் 100 பயற்றங்காய் விதைகள். ஆயுதத்தோடு 100 கொள்ளையர் வந்து, ஆளுக்கு ஒரு கோப்பையைப் பிடுங்கித் தின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு கொள்ளையனும் ஒருவரைப் பட்டினி போட்டான். பாவம் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த முறை வரும்போது அவர்களுக்கு மனச்சாட்சி உறுத்துகிறது. ஆகவே ஒவ்வொருவனும் 100 கோப்பைகளிலிருந்தும் ஒவ்வொரு விதையை மட்டும் எடுக்கிறான். ஒரு விதை குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? எவனும் எவருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆனால் 100 பேரும் முன்போலவே பட்டினி! கணக்கு எங்கே பிழைத்தது என்று குளோவர் கேட்கிறார்.

எமது தொழிலில் 'பொருண்மை' என்றோர் எண்ணக்கரு உண்டு. 50 இலட்சம் பவுண் புரளும் கொம்பனியின் கணக்கில் 50 பவுண் பிழைத்திருந்தால், கணக்காய்வாளர் அதைத் துரத்திக்கொண்டு திரிவதில்லை. அறிக்கையைப் படிப்பவரின் முடிவை மாற்றாத பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல. இது நல்ல விதி. இல்லாவிட்டால் எந்தக் கணக்கும் எக்காலத்திலும் முடியாது. பல்கலைக்கழகத்தில் படித்து, இருபது ஆண்டுகளாகப் பயன்படுத்தி, இந்த விதி எமது எலும்புக்குள்ளே போய்விட்டது. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தபோது எம்முள்ளிருந்து சிரித்தவர் கணக்காளர்தான்.

ஆனால் அந்த விதியை முழுவதும் படித்தவர்களுக்கு, அதற்கு இரண்டு காவல்கள் உண்டென்பது தெரியும். ஒன்று, விட்டுவிட்ட சிறு பிழைகளை மறந்துவிட முடியாது. தனித் தாளில் ஒவ்வொன்றாகக் குறித்து, முடிவில் கூட்டிப் பார்க்க வேண்டும். தனித்தனியே சிறிதாக இருந்தவை, கூட்டும்போது பெரிதாகிவிட்டால் கணக்கைத் திருத்தியே ஆகவேண்டும். இரண்டு, தொகை மட்டும் அளவல்ல, தன்மையும் அளவு. கூட்டலில் தவறிய 50 பவுணும், காசாளர் தமது பையில் போட்ட 50 பவுணும் ஒன்றல்ல. தெரியாமல் புல்லை மிதித்தவர் முதல் வகை. பலகையைப் படித்தும், கால் நனையக் கூடாதென்று மிதித்த நாம் இரண்டாம் வகை.

இதையே எமது வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகை வைத்துக் காட்டினார். மயிலிறகைப் போல மெல்லியது வேறென்ன உண்டு? அதையும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அவர் வாக்கு. அவர் அரசனுக்குச் சொன்னார். எந்த இறகால் அச்சு முறிந்தது என்ற கேள்வியே அங்கு இல்லை. ஏற்றிய இறகுகள் எல்லாவற்றாலும் முறிந்தது.

"இப்படிப் பார்த்தால் மனிதன் வாழவே முடியாதே! மூச்சு விடுவதும் பாவம், நடப்பதும் பாவம் என்று ஆகிவிடுமே" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மலையில் ஏற வேண்டாம் என்று அந்த முதியவர் சொல்லவில்லை. ஏறுவதற்காகத்தானே கல் பதித்திருக்கிறார்கள்! கல்லில் நட என்பது மட்டுமே அவர் கேட்டது. செய்யக்கூடிய சிறு நன்மை கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, "என் பங்கு சிறிது" என்று காரணம் சொல்லி அதை விடுவதுதான் குற்றம். நனைந்த சப்பாத்து காய்ந்துவிடும்.

இறங்கும்போது கோர்ண் டு என்னும் பக்கத்து மலை வழியாக வந்தோம். எல்லோரும் கல்லிலேயே நடந்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஸ்டோறி ஆம்ஸ் பக்கம் இறங்கும் வழியில், ஏரியொன்றின் மேலாகச் செல்லும் மேட்டில், ஒரு சிறு கல்தூண் நிற்கிறது. தொமி ஜோன்ஸ் என்ற ஐந்து வயதுப் பாலகனின் நினைவுக்கல் அது. 1900 ஓகஸ்ட் 4ஆம் திகதி, சுரங்கத் தொழிலாளியான தகப்பனுடன் பேரனாரின் பண்ணைக்கு நடந்து வந்த பிள்ளை, இருட்டும் நேரத்தில் வழி தவறிவிட்டது. படைவீரர், பொலிசார், பண்ணைக்காரர், பட்டணத்தார் என்று எல்லோரும் தேடினார்கள். ஒரு நாள் அல்ல, 29 நாள். செப்டெம்பர் 2ஆம் திகதி அந்த மேட்டில் உடலைக் கண்டெடுத்தார்கள். மரண விசாரணையில் அமர்ந்த யூரர்கள் தமக்குக் கிடைத்த படிக்காசை நினைவுக்கல்லுக்குக் கொடுத்தார்கள். ஊரவர் நிதி சேர்த்து 1901இல் அதை நாட்டினார்கள்.

யூரர் ஒருவருடைய படிக்காசு எவ்வளவு இருக்கும்? தேடப் போனவர்களில் ஒருவர் வராது நின்றிருந்தால்தான் என்ன குறைந்திருக்கும்? பொருண்மை விதிப்படி ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் வந்தார்கள்.

அந்தக் கல்லின் முன்னே நின்றபோது எமக்கு வேறொரு பாதை நினைவுக்கு வந்தது. இதை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தோம். எழுதாவிட்டால் இக்கட்டுரையில் உண்மையில்லை என்பதால் எழுதுகிறோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது வாசகர்கள் அறிந்ததே. அதில் நடந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். எமக்கு அப்போது 15 வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் அடிமேல் அடி வைத்து நகர்ந்துகொண்டிருந்தோம். வீதியோரத்தில் ஒரு வயோதிப அம்மா ஒரு பொட்டலத்தோடு நனைந்துகொண்டு இருந்தார். போகிறவர்களைப் பார்த்துக் கையை நீட்டி, "தம்பி, எழும்ப ஒருக்காக் கை குடடா" என்றார். எம்மைப் பார்த்தும் சொன்னார். எமது ஒரு கையில் அம்மாவின் கை. மறு கையில் பை. பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு வந்தது. பின்னே வருகிறவர்கள் யாராவது தூக்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தோம். முன்னே போனவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எமக்குப் பின்னே வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்களோ தெரியாது.

அன்று நடந்த எவரையும் நாம் குற்றம் சொல்லவில்லை. சனத்தை அந்த வீதிக்குத் துரத்தியவர்களின் கணக்கு வேறு. அது பெரிய கணக்கு. 15 வயதுப் பிள்ளையையும் இன்று கடிந்துகொள்வதில் பயனில்லை. ஆனால் "அத்தனை ஆயிரம் பேரில் நாமும் ஒருவர்தானே" என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த சமாதானம், அந்த மலையில் எமது வாயாலேயே வேறு விதமாக வெளிவந்ததைக் கேட்டோம். "எல்லாரும் இதாலைதானே போகினம்" என்று பிள்ளைக்குச் சொன்னோமே, அதுவும் இதுவும் ஒரே வசனம்தான். ஆயிரம் பேரால் வகுத்தபோது எமது பங்கு சிறிதாகிவிட்டது. நீட்டிய அந்தக் கை மட்டும் சிறிதாகவில்லை.

வகுத்தல் எங்கே பிழைத்தது? இதற்கு விடையும் எமது தொழிலிலேயே இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஒப்பந்தத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. நான்கில் ஒரு பங்குதானே எமது பொறுப்பு என்று நினைத்துக் கையெழுத்து வைத்தோம். இருவர் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட, வீட்டுக்காரர் முழு வாடகையையும் எம்மிடம் கேட்டபோதுதான் அந்த வரியின் பொருள் விளங்கிற்று. கொடுப்பதற்கு வேறு ஆட்கள் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம். அவர்கள் வராவிட்டால் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. தருமமும் அப்படித்தான் என்று நாம் இப்போது நினைக்கிறோம். சுமையைப் பங்கு போடலாம். கடமையைப் பங்கு போட்டுக் குறைக்க முடியாது. பின்னே வருபவர் தூக்குவார் என்பது, அவர் தூக்கியதைக் கண்ணால் கண்டபின் சொல்ல வேண்டிய வார்த்தை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது மகிழ்ச்சியான பக்கம். எமது ஊர்களில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு முட்டியில் போட்டு வைப்பார்கள். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் எவரும் பசித்திருக்கவில்லை. ஆனால் ஊரெல்லாம் சேர்ந்த அந்தப் பிடியரிசியால் கோயில்களில் அன்னதானம் நடந்தது, பள்ளிக்கூடங்களும் நடந்தன. குளோவர் சொன்ன கொள்ளையரின் கணக்கைத் தலைகீழாக்கினால் எமது பாட்டிமாரின் பிடியரிசி. அங்கே ஒவ்வொரு விதையாக எடுத்து ஊரைப் பட்டினி போட்டார்கள். இங்கே ஒவ்வொரு பிடியாக வைத்து ஊருக்குச் சோறு போட்டார்கள். ஒரு பிடி அரிசி சிறிது என்று எங்கள் பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை.

எமது ஆலயத்திலும் இந்த இரண்டு கணக்கும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அன்னதானம் முடிந்தபின் மண்டபத்தைக் கூட்டவும் பாத்திரம் கழுவவும் நிற்பவர்கள் வாரந்தோறும் அதே ஏழெட்டுப் பேர். "இத்தனை பேர் இருக்கினம்தானே" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியேறுகிறவர்கள் நூறு பேர். அந்த நூறு பேரில் நாமும் பல வெள்ளிக்கிழமைகளில் இருந்திருக்கிறோம். வீட்டில் பிள்ளைகளோடு தமிழில் கதைப்பதும் அப்படித்தான். இன்றைக்கு ஒருநாள் ஆங்கிலத்தில் கதைத்தால் தமிழ் அழிந்துவிடுமா என்று கேட்டால், அழியாதுதான். அந்த ஒருநாள் எத்தனை வீடுகளில் எத்தனை நாளாக நடக்கிறது என்பதை யார் கூட்டிப் பார்ப்பது?

ஸ்டோறி ஆம்ஸில் இறங்கியதும் எல்லோருடைய சப்பாத்தும் ஊறிப் போயிருந்தது. அந்தப் பிள்ளையிடம் போய், "நீ சொன்னதுதான் சரி அம்மா" என்று சொன்னோம். "எது மாமா?" என்று கேட்டாள். அவள் அதை எப்போதோ மறந்துவிட்டாள். அவளுக்கு அது ஒரு பெரிய விடயமாகவே இருக்கவில்லை. கல்லில் நடக்கச் சொன்னார்கள், நடந்தாள்.

எமக்கும் அந்த எளிமை கிடைக்க முருகப்பெருமான் அருள்புரிவானாக. கணக்குத் தாளை எடுத்து, இதுவரை சிறிது என்று விட்டவற்றை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம், அன்பர்களே. அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபின் பாத்திரம் கழுவும் இடத்தில் சந்திப்போம்.